இடையில் இருந்தவள்

அலாரம் அடித்தது. அணைத்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். முட்டை வேகவைத்தான், தனக்கு இரண்டு, அத்தைக்கு ஒன்று. சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலரும் முன்பக்கமும் மட்டும். முதுகு எப்படியும் நாற்காலியில் கசங்கப் போகிறது. குப்பைப் பையைக் கட்டிக் கதவோரம் வைத்தான். அத்தை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பால் பொங்குவதற்கு முன் தீயைக் குறைத்தான். உள்ளே வாளி உருண்டது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம், வாளியைவிடக் கனமாக.

கதவைத் தட்டினான். உள்ளிருந்து அலறல் வரவில்லை. உத்தரவுதான் வந்தது.

"திறந்துதான் இருக்கு மாப்பிள்ளை. துண்டை எடுத்துட்டு, கண்ணை மூடிட்டு உள்ள வாங்க."

அத்தை என்றால் மனைவியின் அம்மா. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைத் தாமதமாக எடுக்கும் டிரைவர்களைக் கத்திக் கத்தியே ஆளாக்கிய தொண்டை. இடுப்பு எலும்பு உடைந்து தரையில் கிடக்கும்போதும் அந்தத் தொண்டை உடையவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு பையோடு வந்தவர் அவர். காய்ச்சல் ரத்தத்தில் ஏறி, மகள் போய்ச் சேர்ந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் அவர் கிளம்பவில்லை. இருங்கள் என்று அவன் சொல்லவில்லை. போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டு, அவள் பேச்சை எடுக்காமல், டிவியில் செய்தி பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நாளைக் காலை முதல் ஆளாக எடுத்துவிடலாம் என்றார். தள்ளிப் போட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, இந்த வயதில் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும், பிறகு இடுப்பைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியிருக்காது என்றும் சொன்னார். சுற்றி வளைக்காத மனிதர். அவனுக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வயதானவர்களுக்கு மயக்க மருந்து கொடுக்க, நோயாளியின் கையெழுத்தோடு உறவினர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். உடைஞ்சது என் இடுப்பு, போடறது என் கையெழுத்து, அது பத்தாதா என்று அத்தை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்டார். பத்தாதாம்.

அட்மிஷன் கவுண்டரில் இருந்த பெண் அவன் அடையாள அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாள். திரையை ஒரு முறை பார்த்தாள், அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

நோயாளிக்கும் இவருக்கும் உறவு எதுவும் இல்லை.

சிவப்பு எழுத்து. அந்த வாசகத்தை எழுதியவனே அவன்தான். "உறவு இல்லை" என்று மட்டும் இருந்தால் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும் என்று "எதுவும்" சேர்த்திருந்தான். இப்போது பார்த்தால் அந்த "எதுவும்"தான் செவிட்டில் அறைந்தது.

இந்த ஆஸ்பத்திரியின் மென்பொருள் அவன் கம்பெனி செய்தது. முன்பெல்லாம் ஒப்புதல் படிவத்தில் உறவினர் பெயரைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரன் தம்பியாகி, ஆம்புலன்ஸ் டிரைவர் சித்தப்பாவாகி, பின்னால் கேஸ் வழக்கு என்று நாறிப்போனது. அதன் பிறகு பெயரை யாரும் எழுத முடியாது. யார் யாருக்கு என்ன உறவு என்று சிஸ்டமே தேடிக் கண்டுபிடித்து, கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர் பெயரை அச்சடித்துக் கொடுக்கும். சிஸ்டம் சொன்னால் சொன்னதுதான்.

தான் மருமகன் என்று அவன் சொன்னான். சாஃப்ட்வேர் விடமாட்டேங்குதே சார் என்றாள் அவள். அந்த சாஃப்ட்வேரை எழுதினவன்தாம்மா நான் என்றான். அவள் முகம் மலர்ந்தது.

"அப்படியா சார்? போன வாரம் முழுக்கத் தொங்கிச்சு. எழுதினவங்களை ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு நினைச்சிட்டே இருந்தேன்."

அவனை "மற்றவர்" என்று வேண்டுமானால் சேர்க்கலாம் என்றாள். மற்றவர் சாப்பாடு கொண்டுவரலாம், பார்வையாளர் நேரத்தில் வரலாம், துணி மாற்ற உதவலாம். கையெழுத்து மட்டும் போட முடியாது. திரையில் தகுதியுள்ளவராக ஒரே ஒரு பெயர்தான் நின்றது. அத்தையின் மகன். விமானம் ஏறி ஒரு நாள் பறந்தால்தான் வந்து சேர முடிகிற தூரத்தில் இருந்தான். கையெழுத்தை நேரில்தான் போட வேண்டும்.

மச்சானுக்குப் போன் போட்டான். மச்சான் முதலில் பதறினான், பிறகு நிதானமானான், நிதானமான பிறகு யோசிக்க ஆரம்பித்தான். யோசிக்க ஆரம்பித்தால் ஆபத்தான ஆள். அங்கே தெரிந்த டாக்டர் ஒருவரிடம் படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டும், லீவு கேட்க வேண்டும், டிக்கெட் பார்க்க வேண்டும், அதுவரை வலிக்கு மாத்திரை கொடுக்கச் சொல்லுங்கள் என்றான். நாளையை விட்டால் நெஞ்சில் சளி கட்டும் என்று இவன் எடுத்துச் சொன்னான். அப்போதுதான் மச்சான் அதைச் சொன்னான்.

"அம்மாவைப் பாத்துக்கோன்னுதான் அவ சொல்லிட்டுப் போனா. அம்மா மேல கத்தி வைக்க முடிவெடுன்னு சொல்லலையே மாப்ள."

இவன் போனை வைத்துவிட்டான்.

அம்மாவைப் பாத்துக்கோ. அவளுடைய கடைசி வார்த்தையாம். அவள் மூச்சு அடங்கியபோது மச்சான் விமானத்தில் இருந்தான். வந்து இறங்கி, துக்க வீட்டு வாசலில் முதலில் வந்த ஒன்றுவிட்ட சித்தியின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே அதைச் சொன்னான். சித்தி அடுத்தவளிடம் சொன்னாள். மாலைக்குள் அது ஊரறிந்த உண்மையாகிவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த இவனுக்கு, இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கும் தெம்புகூட இல்லை. அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் முதுகில் தட்டி, அவள் வார்த்தையைக் காப்பாற்றுகிறாய் தம்பி என்கிறார்கள். தட்டித் தட்டி முதுகு மரத்துவிட்டது. எவனோ எழுதிய வசனத்துக்கு இவன் வாயசைத்துக்கொண்டிருக்கிறான்.

அத்தையிடம் ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றான். இடுப்பொடிஞ்சவளை விட்டுட்டு ஆபீசா என்று அவர் கேட்கவில்லை. அடுப்புமேல வெந்த முட்டை இருக்கும், எடுத்துட்டுப் போங்க என்றார்.

வழியெல்லாம் யோசித்தான். இப்படி ஆகவே முடியாது. அந்த அமைப்பை வடிவமைத்தது அவன். சிஸ்டத்தின் டேபிளில், அதாவது உறவு அட்டவணையில், அவன் மூன்றே மூன்று கோடுகளைத்தான் சேமித்தான். பெற்றவர், பிள்ளை, வாழ்க்கைத் துணை. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி, உறவு என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. மாமா, சித்தி, பேரன், நாத்தனார் எதையும் தனியாக எழுதி வைக்கத் தேவையில்லை. கோடு வழியாக நடந்து போனால் தானே கிடைக்கும். அவனிடமிருந்து துணைக் கோட்டில் ஓர் அடி வைத்தால் அவள். அவளிடமிருந்து பெற்றவர் கோட்டில் ஓர் அடி வைத்தால் அத்தை. இரண்டே அடி. இதை அவன் பெருமையாக வீட்டில் சொன்னபோது அவள் சிரித்தாள். உன் டேபிள்ல அத்தைன்னு ஒரு வார்த்தையே இல்லையா, எங்கம்மாகிட்ட போய்ச் சொல்லிப் பாரு, டேபிளோட தூக்கி வெளியில எறியும் என்றாள்.

ஆபீசில் நாற்காலியில்கூடச் சாயாமல் தேடல் நிரலைத் திறந்தான். அவன் எழுதியதைவிட ஒரு வரி கூடுதலாக இருந்தது. காலமானவர் யாரையும் எடுக்காதே. அதுதான் அந்த வரி. எல்லாத் தேடலுக்கும் அடியில், அஸ்திவாரம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த வரி வந்த நாளிலிருந்து, காலமானவள் என்று குறிக்கப்பட்ட அவள் புள்ளி யார் கண்ணுக்கும் தெரியாது. அவள் வழியாகப் போகிற கோடுகளும் தெரியாது. இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அத்தை, நடுவில் பள்ளம்.

டீம் லீடருக்கு ஆபீசில் "சாவி" என்று பெயர். ஆஸ்பத்திரியில் நிஜமாக ஓடும் சர்வரின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. கேட்டால் தருவதற்குப் பதிலாக, முப்பாட்டன் சொத்தைக் கேட்டதுபோல் பார்ப்பார். நல்ல மனிதர். எல்லோர் பிறந்தநாளுக்கும் கேக் வாங்குவது அவர்தான். அவர் மேஜைக்குப் போய் அவன் அத்தைக்கு நேர்ந்ததைச் சொல்லி, திரையைக் காட்டி, இந்த வரியைப் போட்டது யார் என்று கேட்டான்.

சாவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது பழைய கதை, அதைத் தோண்ட வேண்டாம், வேலைதானே ஆக வேண்டும் என்றார். அதற்கு ஒரு வழி இருக்கிறது, நீதி நியாயம் பார்க்காமல் கேளு என்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"அத்தைக்கும் உனக்கும் நேராவே ஒரு கோடு போட்டுடலாம். மகன்னு. ஒரே வரி. நிமிஷத்துல முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போகுது?"

அவன் அந்த வரியை மனதில் போட்டுப் பார்த்தான். பிழைப்பு அதுதானே, யார் என்ன சொன்னாலும் மனதில் ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. இவன் அத்தையின் மகன். அவள் அத்தையின் மகள்.

"அப்ப அவ எனக்கு யாருண்ணே?"

சாவிக்கு முதலில் புரியவில்லை.

"சொல்லுங்க. நானும் அவளும் ஒரே அம்மாவுக்குப் பொறந்தா, அவ எனக்கு யாரு? தங்கச்சியா?"

குரல் எழும்பிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்கள்.

"செத்துப் போனவ தலையில இதை வேற கட்டணுமா? இருந்தப்ப புருஷன், போனப்புறம் அண்ணன். நல்லாருக்குண்ணே. கேக் வெட்டிடலாமா?"

சாவியின் முகம் வெளுத்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று முனகினார். அவன் விடவில்லை. போட்டது யார் என்று மேஜையில் கையை ஊன்றி மறுபடி கேட்டான். எவனோ ஒரு புத்திசாலி, சோம்பேறித்தனமாய் ஒரு வரியில் செத்தவர்களை எல்லாம் துடைத்துப் போட்டிருக்கிறான், அவன் முகத்தை இப்போதே பார்க்க வேண்டும் என்றான்.

"நான்தான்டா போட்டேன். உனக்காகத்தான் போட்டேன்."

அவனுக்கு ஞாபகம் வந்தது. அவள் போய்ச் சில நாட்களே ஆகியிருந்தன. அவள் போனை அவன் இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது அதில் ஒரு செய்தி வந்தது. வணக்கம், உங்கள் மறுபரிசோதனை நாள் நெருங்குகிறது, தவறாமல் வரவும். கீழே ஒரு சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்தை அனுப்பியது இதே சிஸ்டம். அன்று அவன் கீபோர்டைச் சுவரில் அடித்தான். எழுத்துக்கட்டைகள் தரையெல்லாம் சிதறின. செத்தவங்களைக் கூப்பிடற சிஸ்டத்தை எந்த நாய் எழுதுச்சு என்று கத்தினான். யாரோ அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

அன்றைக்கே சாவி உட்கார்ந்து இந்த வரியைப் போட்டிருக்கிறார். இனிமேல் எந்தத் திரையிலும், எந்தச் செய்தியிலும், எந்த மூலையிலும் அவள் பெயர் இவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று. மொத்த டீமுக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. நல்ல காரியம் என்று எல்லோரும் மெச்சியிருக்கிறார்கள்.

என்ன பண்ணுவது இந்த மனிதரை. சட்டையைப் பிடித்தால் கை கூசும். விட்டால் நெஞ்சு எரியும். இரக்கப்பட்டே கழுத்தை அறுத்திருக்கிறார்கள். யாரையாவது வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்று வந்தவனுக்குத் திட்ட ஆள் இல்லாமல் போனதில் ஆத்திரம் இரண்டு பங்காகியது. அவன் திரும்பித் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். இந்த முறை சாய்ந்தே உட்கார்ந்தான்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒன்றாகக் கிடந்த இரண்டு விஷயங்களைப் பிரித்தான். இறந்தவரைக் கூப்பிடக் கூடாது, செய்தி அனுப்பக் கூடாது, கையெழுத்துக் கேட்கக் கூடாது. ஆனால் அவர் வழியாக நடந்து போகலாம். புள்ளி இருக்கும், கோடு இருக்கும். போய்ச் சேருகிற ஆள் உயிரோடு இருந்தால் போதும், இடையில் இருப்பவர் இருக்க வேண்டியதில்லை.

சரிபார்க்க ஒரு கேள்வியை ஓடவிட்டான். இறந்தவர் வழியாக மட்டுமே உறவாகி, இப்போது அறுந்து நிற்பவர்கள் எத்தனை பேர்? பெயர்கள் திரையைத் தாண்டி ஓடின. அப்பா போன பிள்ளைக்குத் தாத்தா இல்லை. மகன் போன கிழவிக்கு மருமகள் இல்லை. மனைவி போனவனுக்கு மாமனார் இல்லை. இதில் எத்தனை பேர் கவுண்டரில் நின்று, சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு, வாதாடத் தெரியாமல் திரும்பினார்களோ. சாவி பின்னால் வந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதனை முடியும் வரை நின்றார். பிறகு குனிந்து, அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பாஸ்வேர்டைப் போட்டார். கையால் மறைத்துக்கொண்டு அடிக்கும் வழக்கம் அவருக்கு. அன்று மறைக்கவில்லை. அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாலையில் கவுண்டரில் அதே பெண்தான் இருந்தாள். தட்டினாள். மருமகன் என்று வந்தது. கையெழுத்துத் தகுதி உண்டு என்று வந்தது. காலையில் இல்லாத உறவு சாயங்காலம் எப்படி சார் முளைச்சுது என்றாள். நடுவுல இருந்தவளை மறைச்சு வெச்சிருந்தாங்கம்மா என்றான். அவள் அதற்கு மேல் கேட்காமல் தாளை அச்சடித்துக் கொடுத்தாள். படிவத்தில் அவன் பெயர், அத்தை பெயர், இரண்டுக்கும் நடுவே சின்ன எழுத்தில் "வழி" என்று போட்டு அவள் பெயர். அவன் கையெழுத்துப் போட்டான். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தினான்.

ஒப்புதல் கிடைத்த செய்தி சிஸ்டத்திலிருந்து மச்சானுக்கும் போயிருக்கிறது. இவன் அத்தையின் கட்டிலருகே வருவதற்குள் போன் கத்த ஆரம்பித்தது. எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை கையை நீட்டி வாங்கினார். டிப்போ தொண்டை வெளியே வந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வர்றப்ப வாடா. வண்டி உனக்காக நிக்காது. நாளைக்குக் காலையில எடுத்துருவாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். கண் சொருகவில்லை. பிறகு, கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்ததைக் கேட்டார். அவள் கடைசியாக அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று ஊரே சொல்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் நீங்கள் ஒருத்தர்தான், நீங்கள் மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே என்றார்.

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"அவ சொன்னாங்கறதுக்காக என்னைச் சுமந்துட்டிருக்கீங்கன்னா சொல்லிடுங்க மாப்பிள்ளை. இடுப்பு கூடினதும் நான் என் பையை எடுத்துக்கறேன். கோபம் இல்லை. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். எல்லோரும் நம்பும் பொய், யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய். ஆனால் அன்று முழுக்க நல்லெண்ணத்தில் செய்த ஒரு மறைப்பை அவன் கையால் பிடுங்கிப் போட்டிருந்தான். இன்னொன்றை நட மனம் வரவில்லை.

"சொல்லலை அத்தை. மச்சான் கட்டிவிட்டது அது. உங்களைப் பத்தி அவ எதுவும் சொல்லலை."

அத்தையின் கண் கலங்கியது. அவன் நினைத்ததுபோல் உடையவில்லை.

"அப்ப என் வீட்ல நான் ஏன் இருக்கேன்?"

"உங்க வீடுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

அவர் மூக்கை உறிஞ்சினார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். அப்ப என்னதான் சொன்னா என்று கேட்டார். என் பொண்ணு வாயைத் திறக்காமப் போற ஆள் இல்லை என்றார்.

அவன் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தான். அன்று அவளுக்கு வலி ஏறிக்கொண்டிருந்தது. அந்த அறையின் கூரையில் சதுரம் சதுரமாகப் பலகை அடித்திருந்தார்கள். அவள் மல்லாந்து படுத்து, உதடு அசைய, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் பயத்தில் பேசிக்கொண்டே இருந்தான். நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல், டாக்டர் சொன்னது, வீட்டுக்குப் போனதும் எந்த அறைக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்பது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, வாயில் வந்ததெல்லாம். அவள் முகத்தைச் சுளித்துக் கையைத் தூக்கினாள். ஊசி குத்தியிருந்த கை. அவன் நிறுத்தவில்லை. அதன் பிறகுதான் சொன்னாள், கடைசியாக.

"கொஞ்சம் சும்மா இருடா. எண்ணிட்டிருக்கேன்ல, விட்டுப்போச்சு பாரு."